வேகம் கேட்கும் டர்போ, நேரம் கேட்கும் கன்வெர்ட்டர்

சுபாருவின் இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் கார் 2002 மாடலாக அமெரிக்காவுக்கு வந்தபோது, ராலி பந்தயங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தே வளர்ந்த ஒரு தலைமுறை அதற்காகக் காத்திருந்தது. 1995-ல் காலின் மெக்ரே உலக ராலி பட்டத்தை வென்றது இதே இம்ப்ரெஸா வகைக் காரில்தான். இரண்டு லிட்டர் இன்ஜின், ஒரு டர்போ, நான்கு சக்கரங்களுக்கும் போகும் விசை, 227 குதிரைத்திறன். இத்தனையும் நடுத்தரக் குடும்பத்து இளைஞர் தவணை கட்டி வாங்கக்கூடிய விலையில். வாங்கியவர்களில் பலர் கொஞ்ச நாளிலேயே காரை ஜாக்கியில் ஏற்றி, அடியில் படுத்துப் பார்த்தார்கள். இன்ஜினில் தொடங்கி சைலன்சர் வரை போகும் குழாயில் மூன்று கேட்டலிடிக் கன்வெர்ட்டர்கள் இருந்தன. டர்போவுக்கு முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு.

புகையைச் சுத்தம் செய்யும் பொறுப்பில் இருந்த பொறியாளருக்கு அது நல்ல ஏற்பாடு. இன்னும் கொஞ்சம் குதிரைத்திறன் கிடைக்காதா என்று ஏங்கியவருக்கோ வழியில் நிற்கும் மூன்று தடைகள். இந்த இரண்டு பார்வைகளுக்கும் நடுவில் ஒரு பெரிய சந்தை எழுந்தது. அங்கே அதிகம் விசாரிக்கப்படும் பொருள்களில் ஒன்று ‘ஹை-ஃப்ளோ’ கேட்டலிடிக் கன்வெர்ட்டர். புகையையும் சுத்தம் செய்யும், இன்ஜினையும் தடுக்காது என்று சொல்லி விற்கிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று தெரிய வேண்டுமானால் குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முதலில் டர்போ. ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃப்ரெட் ப்யூகி 1905-ல் காப்புரிமை பெற்ற யோசனை அது. இன்ஜின் எரித்து வெளியே தள்ளும் புகையில் வெப்பமும் அழுத்தமும் நிறையவே மிச்சம் இருக்கின்றன. அதை வீணாக்காமல் ஒரு டர்பைன் சக்கரத்தின் மேல் பாய்ச்சினால், அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் கம்ப்ரஸர் சக்கரமும் சுழலும். அது வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் அதற்கேற்றபடி பெட்ரோலையும் கூட்டலாம். சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின்போல இழுப்பது இப்படித்தான்.

டர்பைன் எவ்வளவு வலுவாகச் சுழலும் என்பதை, அதற்கு முன்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் பின்னால் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள விகிதம்தான் பெருமளவு தீர்மானிக்கிறது. ஒரு கணக்குக்காக, முன்னால் 2.4 பார், பின்னால் 1.3 பார் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் ஏறக்குறைய 1.85. பின்பக்கக் குழாயின் தடையைக் குறைத்து 1.3-ஐ 1.15 ஆக்கினால், முன்பக்கம் எதுவும் மாறாமலே விகிதம் 2.09-க்குப் போய்விடும். டர்போ முன்பைவிடக் குறைந்த ஆர்பிஎம்மிலேயே எழும். இன்ஜினும் தன் புகையை வெளியே தள்ளக் குறைவாகவே உழைக்கும்.

“பேக் பிரஷர் கொஞ்சம் இருந்தால்தான் இழுவை இருக்கும்” என்று ஒர்க் ஷாப்களில் சொல்வதுண்டு. டர்போ இல்லாத இன்ஜினில் குழாயின் விட்டமும் நீளமும் புகையின் அலைகளோடு ஒத்துப்போக வேண்டும். அந்த உண்மை வாய்வழியாகத் திரிந்து இப்படி ஆகியிருக்கிறது. டர்பைனைத் தாண்டிய குழாய்க்கு இந்தப் பேச்சு துளியும் பொருந்தாது. அங்கே தடை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. டர்பைனை விட்டு வெளியே வரும் ‘டவுன்பைப்’ என்ற குழாயின் மேல் டர்போ பிரியர்கள் முதலில் கை வைப்பதற்கு இதுதான் காரணம். பெரும்பாலான கார்களில் முக்கியமான கன்வெர்ட்டர் உட்கார்ந்திருப்பதும் அந்தக் குழாயில்தான்.

கன்வெர்ட்டரின் நியாயமோ முற்றிலும் வேறு.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரைக் கண்ணெரிச்சலில் தள்ளிய புகைமூட்டத்துக்குக் கார்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் வாயுக்களே காரணம் என்று வேதியியலர் ஆரி ஹாகன்-ஸ்மிட் 1950-களின் தொடக்கத்தில் நிறுவினார். பெட்ரோல் சுத்திகரிப்பில் பெயர் பெற்றிருந்த பிரெஞ்சுப் பொறியாளர் யூஜின் ஹூட்ரி, அமெரிக்காவில் குடியேறிய பிறகு, அதே காலத்தில் கார் புகைக்கான கன்வெர்ட்டரை உருவாக்கினார். ஆனால் அது சாலைக்கு வர முடியவில்லை. அன்றைய பெட்ரோலில் கலந்திருந்த ஈயம் வினையூக்கியின் மேல் படிந்து அதைச் செயலிழக்க வைத்தது. 1970-ல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் கடுமையாக்கப்பட்டு, ஈயமில்லாத பெட்ரோல் வந்து, 1975 மாடல் கார்களில்தான் கன்வெர்ட்டர் பரவலாக ஏறியது. ஹூட்ரி 1962-லேயே காலமாகிவிட்டார்.

இன்று பெட்ரோல் காரில் இருப்பது ‘மும்முனை’ கன்வெர்ட்டர். கார்பன் மோனாக்சைடை கார்பன் டை ஆக்சைடாகவும், எரியாமல் தப்பிய ஹைட்ரோகார்பன்களை கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும், நைட்ரஜன் ஆக்சைடுகளை வெறும் நைட்ரஜனாகவும் மாற்றுகிறது. முதல் இரண்டு வேலைகளையும் பிளாட்டினமும் பல்லேடியமும் செய்கின்றன. மூன்றாவதைச் செய்வது ரோடியம். மூன்றும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டுமென்றால் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்ற எடைக் கணக்கில் கலவை நிற்க வேண்டும். ஆக்சிஜன் சென்சாரும் இசியூ என்ற கணினியும் ஓயாமல் பார்த்துக்கொள்வது இந்தக் கணக்கைத்தான்.

உள்ளே இருக்கும் கட்டையை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தவர் மறக்க மாட்டார். கார்டியரைட் என்ற பீங்கான் பொருளை ஈரமாகப் பிசைந்து, முறுக்கு அச்சில் மாவு பிழிவதுபோல அச்சின் வழியே தள்ளி, உலர்த்தி, சூளையில் சுடுகிறார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராகப் போகும் ஆயிரக்கணக்கான சதுரத் துளைகள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மறுபக்கம் தெரியும். சுவர்கள் அவ்வளவு மெல்லியவை. விரல் நகத்தால் அழுத்தினால் ஓரம் உதிர்ந்துவிடும். அந்தச் சுவர்களின் மேல் சொரசொரப்பான அலுமினாப் பூச்சு, அந்தப் பூச்சுக்குள் சில கிராம் அளவில் விலையுயர்ந்த உலோகங்கள்.

கார் நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரு சதுர அங்குலத்தில் 400 முதல் 600 துளைகள் வரை வைக்கின்றன. ஹை-ஃப்ளோ வகையில் 300, 200, சில நேரம் வெறும் 100. 400 துளை என்றால் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடைவெளி 1.27 மில்லிமீட்டர். 200 துளை என்றால் 1.8 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டர் வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் சின்னத் துளைக்குள் வாயு நகரும்போது ஏற்படும் தடை, துளையின் அகலத்தோடு தலைகீழ் வர்க்க விகிதத்தில் மாறுகிறது. அதனால் 400-லிருந்து 200-க்கு இறங்கினாலே கட்டையின் தடை ஏறத்தாழ பாதியாகிவிடும். ஹை-ஃப்ளோ என்ற பெயர் பொய்யில்லை.

விலை எங்கே கொடுக்க வேண்டியிருக்கிறது? புகை மூலக்கூறு சுவரைத் தொட்டால்தான் வினை நடக்கும். 400 துளைக் கட்டையில் ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு ஏறக்குறைய 2.7 சதுர மீட்டர் சுவர்ப்பரப்பு கிடைக்கிறது. 200 துளையில் அது 1.9 சதுர மீட்டர் அளவுக்குக் குறைகிறது. துளையின் நடுவில் போகும் மூலக்கூறு சுவரை எட்டுவதற்கும் இரண்டு மடங்கு நேரம் தேவைப்படுகிறது. நேரமோ அங்கே கிடையாது. 227 குதிரைத்திறன் இன்ஜின் முழு மூச்சில் ஓடும்போது, ஒரு லிட்டர் அளவுள்ள கட்டையைப் புகை கடந்துபோக ஒரு விநாடியின் ஆயிரத்தில் இரண்டு பங்கோ மூன்று பங்கோதான் ஆகும். ஐட்லிங்கில் அதைப்போலப் பல மடங்கு நேரம் கிடைக்கும்.

ஆனாலும் துளைக் கணக்கை மட்டும் வைத்து ஒரு கன்வெர்ட்டரை நல்லது, கெட்டது என்று சொல்லிவிட முடியாது. நல்ல ஹை-ஃப்ளோ கன்வெர்ட்டர்கள் பீங்கானுக்குப் பதிலாக, இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த மெல்லிய தகட்டை அலை அலையாக மடித்து, சுருட்டி, உருக்கி ஒட்டிச் செய்யப்படுகின்றன. தகட்டின் தடிமன் 0.05 மில்லிமீட்டர் அளவு. பீங்கான் சுவரில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் திறந்த வழி அதிகம் கிடைக்கிறது. அதிர்வையும் தாங்கும். டர்போவுக்கு மிக அருகில், அதன் அனலும் நடுக்கமும் நேராகப் படும் இடத்தில், இது பெரிய அனுகூலம். கட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, உலோகப் பூச்சைத் தாராளமாகப் போட்டால், 200 துளைக் கன்வெர்ட்டரும் கௌரவமாக வேலை செய்யும்.

அந்தத் தாராளத்துக்குத்தான் காசு. 2016-ல் ஒரு அவுன்ஸ் ரோடியம் 700 டாலருக்கும் கீழே கிடைத்தது. 2021 மார்ச்சில் அது 29,000 டாலரைத் தாண்டியது. நின்றிருக்கும் கார்களின் அடியிலிருந்து கன்வெர்ட்டரை அறுத்துக்கொண்டு போகும் திருட்டு அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அந்த ஆண்டுகளில் பெருகியதற்கு இதுவே காரணம். மலிவான ஹை-ஃப்ளோ கன்வெர்ட்டர் தயாரிப்பவர் முதலில் கை வைப்பதும் இந்தப் பூச்சில்தான். வெளியே பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கூடு, கச்சிதமான வெல்டிங், உள்ளே பார்த்தால் ஒழுங்கான துளைகள். உலோகம் எத்தனை கிராம் இருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க வழியே இல்லை. இந்தத் தொழிலில் வாங்குபவர் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். சான்றிதழ் இல்லாத கன்வெர்ட்டருக்குப் பணம் கொடுக்கவே கூடாது என்று அழுத்திச் சொல்ல வேண்டியதும் இதனால்தான்.

எந்த நேரத்தில் கன்வெர்ட்டர் அதிகம் தேவைப்படுகிறது என்பதை டர்போ பிரியர்கள் அவ்வளவாக யோசிப்பதில்லை. ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதிக்கும்போது டர்போ இன்ஜின்கள் பலவும் வெப்பத்தைக் குறைப்பதற்காகப் பெட்ரோலைத் தேவைக்கு மேலேயே ஊற்றுகின்றன. அப்போது புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருக்காது. எவ்வளவு நல்ல கன்வெர்ட்டராக இருந்தாலும் கார்பன் மோனாக்சைடை முழுசாக எரிக்க முடியாது. ஆனால் ஒரு காரின் அன்றாட ஓட்டத்தில் அப்படி மிதிக்கும் நேரம் மிகக் குறைவு. மாசு கொட்டும் நேரம் வேறு: காலையில் ஸ்டார்ட் செய்த முதல் ஓரிரு நிமிடங்கள். கன்வெர்ட்டர் ஏறக்குறைய 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் விழித்துக்கொள்ளும். அதுவரை வருவதெல்லாம் ஏறக்குறைய அப்படியே வெளியே போகும். வீட்டு வாசலில், பள்ளிக்கூட வேன் வந்து நிற்கும் தெருவில்.

டர்போ இந்தச் சிக்கலை இன்னும் இறுக்குகிறது. கனமான இரும்பு டர்பைன் கூடு, புகையின் வெப்பத்தை முதலில் தானே குடித்துவிடுகிறது. அதைத் தாண்டி வரும் புகை ஆறிப்போய் வருவதால், பின்னால் இருக்கும் கன்வெர்ட்டர் தாமதமாகச் சூடேறும். சுபாரு அந்த முதல் கன்வெர்ட்டரை டர்போவுக்கு முன்னாலேயே, ‘அப்பைப்’ என்ற ஏறுகுழாய்க்குள் வைத்ததன் நோக்கம் புரிகிறதா? இன்ஜினை விட்டு வெளியே வரும் கொதிக்கும் புகை நேராக அதன் மேல் பாயும். சில விநாடிகளில் அது வேலையைத் தொடங்கும்.

யோசனை நல்லதுதான். ஆனால் அதில் ஒரு ஆபத்தும் இருந்தது. அந்தக் கட்டை நொறுங்கினால் துண்டுகள் நேராக டர்பைன் சக்கரத்தில் போய் அடிக்கும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் சக்கரத்தில் ஒரு சிறு துண்டு பட்டாலே போதும், டர்போவை மாற்ற வேண்டியதுதான். இந்தப் பயத்தால் ஏராளமான உரிமையாளர்கள் அந்த ஏறுகுழாயை எடுத்துவிட்டு வெறும் குழாயைப் பொருத்தினார்கள். அதில் இருந்த வெப்பச் சென்சாரைக் காணோம் என்று இசியூ எச்சரிக்காமல் இருக்க, 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அதன் இடத்தில் செருகினார்கள். சட்டப்படி அது குற்றம். 2006 மாடலில் இன்ஜின் 2.5 லிட்டராக மாறியபோது, சுபாருவே டர்போவுக்கு முன்னால் இருந்த கன்வெர்ட்டரைக் கைவிட்டது. அதற்குப் பதிலாக, ஸ்டார்ட் செய்தவுடன் புகைக்குழாய்க்குள் காற்றைச் செலுத்தும் ஒரு பம்பைச் சேர்த்தது. எரியாத பெட்ரோல் அங்கேயே எரிந்து, பின்னால் இருக்கும் கன்வெர்ட்டரைச் சீக்கிரம் சூடாக்கும். உரிமையாளர்களின் பயத்தில் நியாயம் இருந்தது. ஆனால் சரியான விடை, சுத்தம் செய்யும் வேலையை விடாமல் இடத்தை மாற்றியதுதான்.

கன்வெர்ட்டரை மாற்றும் வேலையே சுலபமில்லை. டர்போவை ஒட்டிய நட்டுகள் வருடக்கணக்கில் சிவக்கச் சிவக்கச் சூடாகி ஆறியவை. மெக்கானிக்குகள் முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்து ஊறவிடுவார்கள். அவசரப்பட்டு ஸ்பானரை மிதித்தால் ஸ்டட் டர்போ கூட்டுக்குள்ளேயே முறிந்து நிற்கும். பிறகு டர்போவையே கழற்றித் துளையிட்டு எடுக்க வேண்டியிருக்கும். கேஸ்கட் சரியாக உட்காராமல் கொஞ்சம் கசிந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய் ஆக்சிஜன் சென்சாரைக் குழப்பும். கசிவை அடைக்கச் சாதாரண சிலிக்கான் பசையைப் பூசுபவர்கள் உண்டு. அதிலிருந்து கிளம்பும் ஆவி சென்சாரையும் கன்வெர்ட்டரையும் சேர்த்தே பாழாக்கும்.

எல்லாம் சரியாகப் பொருத்தியாயிற்று. கார் பறக்குமா?

பழைய மென்பொருளோடு அப்படியே ஓட்டினால், டர்போ சீக்கிரம் எழுவது தெரியும். உச்ச விசையில் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம். இன்றைய இசியூக்கள் இவ்வளவு காற்றழுத்தம், இவ்வளவு டார்க் என்று ஓர் இலக்கை வைத்துக்கொண்டு ஓட்டுகின்றன. வழி திறந்தால் அந்த இலக்கை டர்போ குறைந்த சிரமத்தில் எட்டும், அவ்வளவே. திறந்த வழியைக் குதிரைத்திறனாக மாற்ற அந்த மென்பொருளைத் திருத்தி ‘ரீமேப்’ செய்ய வேண்டும்.

டபிள்யூஆர்எக்ஸ் உரிமையாளர்களோ நேர்மாறான தலைவலியைச் சந்தித்தார்கள். அழுத்தம் தேவையான அளவை எட்டியதும், மிச்சப் புகையை டர்பைனைத் தொடாமல் பக்கவழியில் விட ‘வேஸ்ட்கேட்’ என்ற சின்னக் கதவு இருக்கிறது. அந்தக் காரின் டர்போவில் அந்த வழி குறுகலானது. பின்பக்கத் தடை இருந்தவரை அதுவே போதுமாக இருந்தது. தடை குறைந்ததும், குளிர்ந்த இரவில், அடர்ந்த காற்றில், ஆர்பிஎம் ஏற ஏற கதவு முழுசாகத் திறந்திருந்தும் காற்றழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் முள் நிற்காமல் மேலே நகர்ந்தது. ‘பூஸ்ட் க்ரீப்’ என்கிறார்கள் இதை. ஒரு கட்டத்தில் இசியூ தற்காப்பாகப் பெட்ரோலை வெட்டிவிடும். கார் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் தலைகுனியும். வெட்டாமல் விட்டால் பிஸ்டனுக்கே ஆபத்து. இதற்காகப் பலர் டர்போவைக் கழற்றி, வேஸ்ட்கேட் துளையைக் கிரைண்டரால் சில மில்லிமீட்டர் அகலப்படுத்த வேண்டியிருந்தது. கன்வெர்ட்டர் மட்டும் வைத்து வேலை முடித்துவிடலாம் என்று தொடங்கியவர்கள் இப்படித்தான் டர்போ வரை போய்ச் சேர்ந்தார்கள்.

சில வாரங்கள் கழித்து டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். ஸ்கேனரை மாட்டினால் பி0420 என்று வரும்: கன்வெர்ட்டரின் திறன் வரம்புக்குக் கீழே. 1996 முதல் அமெரிக்காவில் விற்கும் கார்கள் எல்லாவற்றிலும் இந்தக் கண்காணிப்பு கட்டாயம். கன்வெர்ட்டருக்கு முன்னால் ஒரு சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் இருப்பதன் அளவு ஓயாமல் ஏறி இறங்கும். நல்ல கன்வெர்ட்டருக்குள் இருக்கும் சீரியம் ஆக்சைடு, ஆக்சிஜன் மிஞ்சும்போது அதைச் சேர்த்துவைத்து, குறையும்போது கொடுக்கும். அதனால் பின்னால் இருக்கும் சென்சாரின் அளவு அமைதியாக நிற்கும். அதுவும் முன்னதைப்போல ஆடத் தொடங்கினால், உள்ளே பூச்சு குறைவு என்று இசியூ முடிவு கட்டுகிறது. மலிவான ஹை-ஃப்ளோ கன்வெர்ட்டர் இந்தச் சோதனையில்தான் மாட்டுகிறது.

அதற்கும் ஒரு குறுக்குவழி விற்கப்படுகிறது. பின்சென்சாருக்கும் குழாய்க்கும் இடையே ஒரு சின்ன மரை வைத்த துண்டைச் செருகி, சென்சாரைப் புகையோட்டத்திலிருந்து தள்ளி வைத்துவிடுவார்கள். விளக்கு அணையும். புகை மாறாது. கன்வெர்ட்டர் உண்மையிலேயே செத்துப்போனாலும் அதற்குப் பிறகு ஓட்டுநருக்குத் தெரியவராது என்பது இதன் இன்னொரு தீமை.

அமெரிக்கச் சட்டம் இதையெல்லாம் எப்படிப் பார்க்கிறது? சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 1986-ம் ஆண்டு விதிகளின்படி, நன்றாக வேலை செய்யும் கன்வெர்ட்டரைக் கழற்றிவிட்டு வெளியார் தயாரிப்பைப் பொருத்தக் கூடாது. பழையது அடைத்துப்போயிருக்க வேண்டும், அல்லது காணாமல் போயிருக்க வேண்டும். அதைப் பதிவு செய்யவும் வேண்டும். பொதுவாக வாரண்டி காலமும் முடிந்திருக்க வேண்டும். 1990-களின் நடுப்பகுதிக்குப் பிந்தைய கார்களுக்கு அது 8 ஆண்டு அல்லது 80,000 மைல். அதே விதி, மாற்றுக் கன்வெர்ட்டர் 25,000 மைல் ஓடிய பிறகும் ஹைட்ரோகார்பனையும் கார்பன் மோனாக்சைடையும் 70 சதவீதமும், நைட்ரஜன் ஆக்சைடை 30 சதவீதமும் குறைத்தால் போதும் என்கிறது. சூடேறிய ஒரிஜினல் கன்வெர்ட்டர் இந்த மூன்றிலும் 90 சதவீதத்துக்கு மேல் குறைக்கும் என்பதோடு வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு தாழ்ந்த வரம்பு என்பது விளங்கும். கலிஃபோர்னியா அதை ஏற்கவில்லை. அங்கே அந்தந்த கார் மாடலுக்கென்று மாநிலக் காற்று வாரியம் அனுமதி தந்து, அந்த எண் கன்வெர்ட்டரின் கூட்டிலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். 2021 ஜூலை முதல், புகைப் பரிசோதனையில் இசியூ மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அனுமதியில்லாத ரீமேப் அங்கேயே தோற்றுவிடும்.

ஜெர்மனியின் வழி இந்த ஆசைக்கு ஒரு நேர்மையான கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அங்கே எச்ஜேஎஸ் போன்ற நிறுவனங்கள் கோல்ஃப் ஜிடிஐ போன்ற டர்போ கார்களுக்கு 200 துளை உலோகக் கன்வெர்ட்டர் வைத்த டவுன்பைப்பை, அந்தக் காருக்கென்றே பரிசோதித்து ஐரோப்பிய அங்கீகாரத்தோடு விற்கின்றன. விலை அதிகம். ஆனால் பணம் போவது உலோகப் பூச்சுக்கும் பரிசோதனைக்கும். ஜப்பானிலும் எச்கேஎஸ் போன்ற டியூனிங் நிறுவனங்கள் புகைப் பரிசோதனைச் சான்றோடு உலோகக் கன்வெர்ட்டர்களை விற்கின்றன. வாகனச் சோதனையின்போது அந்தத் தாளைக் காட்ட வேண்டும். வேகமும் சுத்தமான புகையும் ஒரே காரில் இருக்க முடியும் என்பதற்கு இந்தக் கன்வெர்ட்டர்களே சாட்சி.

இவ்வளவு செலவு செய்து பொருத்தியதை மூன்று விஷயங்கள் சீக்கிரம் கொல்லும். ஒன்று மிஸ்ஃபயர். எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும்போது வெப்பம் கட்டுமீறி ஏறி, கார்டியரைட் உருகும் 1,400 டிகிரிப் பக்கம்கூடப் போகும். இளைஞர்களிடம் இப்போது பரவியிருக்கும் ‘பாப்ஸ் அண்ட் பேங்ஸ்’ ரீமேப், ஆக்ஸிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் வெடிச்சத்தம் கேட்பதற்காக இதையே வேண்டுமென்று செய்கிறது. அந்த ரீமேப்பைப் போட்டுக்கொண்டு கன்வெர்ட்டருக்கு ஆயுள் எதிர்பார்க்கவே முடியாது. இன்னொன்று ஆயில். டர்போவின் சீல் தேய்ந்து ஆயில் கசிந்தால், அதிலுள்ள பாஸ்பரஸும் துத்தநாகமும் பூச்சின் மேல் படிந்து மூடிவிடும். மூன்றாவது காலம்: ஒவ்வொரு நீண்ட அனலிலும் உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்து, பரப்பை இழந்துகொண்டே போகின்றன.

இந்தியாவில் கன்வெர்ட்டர் வந்தது 1995 ஏப்ரலில். டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது. அதற்காகவே ஈயமில்லாப் பெட்ரோலும் அங்கே முதலில் வந்தது. நாடு முழுவதும் ஈயம் ஒழிந்தது 2000-ல். அப்போது டர்போ பெட்ரோல் கார் இங்கே அபூர்வம். இன்று ஒரு லிட்டர், 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின்கள் சாதாரணக் குடும்பக் கார்களிலேயே வருகின்றன. அவற்றுக்கான டவுன்பைப்பும் ரீமேப்பும் பெரிய ஊர்களில் வெளிப்படையாகவே பேரம் பேசப்படுகின்றன.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தது. 2023 ஏப்ரலிலிருந்து ஆய்வகத்தோடு நிற்காமல் உண்மையான சாலை ஓட்டத்திலும் புகையை அளக்கிறார்கள். இந்தக் கார்களின் கன்வெர்ட்டரும் மென்பொருளும் ஒன்றுக்கொன்று ஈடாகச் செதுக்கப்பட்டவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியின்றி வண்டியை மாற்றியமைத்த உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்கிறது. காற்று மாசு, ஒலி மாசு வரம்புகளை மீறி ஓட்டினால் 190-ம் பிரிவின் கீழ் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. மூன்று மாதம் ஓட்டுநர் உரிமமும் போகும். இதோடு நிறுவனத்தின் வாரண்டியும் சிக்கலாகும்.

பெட்ரோல் பங்க் ஓரத்தில் எடுக்கும் புகைச் சான்றிதழ் இதையெல்லாம் பிடித்துவிடும் என்று நம்ப முடியாது. கார் நின்ற இடத்தில், சூடான இன்ஜினோடு, சுமை இல்லாமல் எடுக்கும் சோதனை அது. பெட்ரோல் காரில் நைட்ரஜன் ஆக்சைடை அது அளப்பதே இல்லை. சுமையில்லாமல் புகை மெதுவாக நகரும்போது அரைகுறைக் கன்வெர்ட்டர்கூடத் தேறிவிடும். அதனால் தேறியது என்ற சீட்டைக் காட்டி, “புகையெல்லாம் கிளீன் சார்” என்று ஒரு கடைக்காரர் சொன்னால், அந்தச் சீட்டு அதை நிரூபிக்காது. அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: கூட்டின் மேல் அங்கீகார எண் இருக்கிறதா, இந்தக் காருக்கென்று பரிசோதித்த தாள் இருக்கிறதா, கட்டை எத்தனை லிட்டர், எத்தனை துளை, பின்சென்சார் அதன் பழைய இடத்திலேயே நேராக உட்காருமா. பந்தயத் தளத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு அந்தப் போட்டியின் விதிகள் இருக்கின்றன. தெருவில் ஓடும் டர்போ காருக்கு இந்தக் கேள்விகளில் ஒன்றுக்குப் பதில் வராவிட்டாலும், கம்பெனி பொருத்திய கன்வெர்ட்டரை அப்படியே விட்டுவிட்டு, நல்ல டயருக்கும் பிரேக் பேடுக்கும் அந்தப் பணத்தைச் செலவழிக்கலாம்.